மைக்கில் காசு கேட்டால் மடிப்பிச்சையா?

கேள்வி: வணக்கம் சார். பாலக்கோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடமாக ஒரு பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, நடத்துகிறேன். தெருக்கூத்துக் கலைஞர்கள், நடவுப்பாட்டு பாடும் பாட்டிகள், பம்பை அடிப்பவர்கள் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தேடிப் போய்ப் பதிவு செய்து போடுகிறேன். ஒரு எபிசோடுக்கு 1,200 டவுன்லோடு வரை வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்கள், கொஞ்சம் பேர் வெளிநாட்டில். விளம்பரம் எதுவும் வருவதில்லை. ஒரு நகைக்கடை மட்டும் 5,000 ரூபாய் தருகிறோம், பேச்சோடு பேச்சாக எங்கள் கடையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள், விளம்பரம் என்று தெரியக் கூடாது என்றார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. அட்டைப் படத்தின் மூலையில் ஜிபே க்யூஆர் போட்டு ஆறு மாதமாகிறது, மூன்று பேர்தான் பணம் அனுப்பினார்கள். ஆனால் உடம்பு முடியாமல் கிடந்த ஒரு கூத்துக் கலைஞருக்காகக் கேட்டபோது நாலே நாளில் 38,000 வந்தது. என் கணக்குக்கு வந்ததை எடுத்துப் போய் அவர் வீட்டில் கொடுத்தேன். நிகழ்ச்சிக்கென்று நேயர்களிடம் மாதாமாதம் கேட்கலாமா என்று வீட்டில் பேச்சு எடுத்தால் மாமியார், "மைக்குல மடிப்பிச்சை எடுக்கப் போறியா?" என்கிறார். எப்படிக் கேட்பது, எவ்வளவு எதிர்பார்க்கலாம், வரி உண்டா, வெளிநாட்டுப் பணம் வாங்கலாமா?

பதில்:

சகோதரி, வரியை அப்புறம் பார்க்கலாம், முதலில் உங்கள் மாமியார். அவர் கூத்து பார்த்தவராகத்தான் இருப்பார். விடிய விடிய ஆடும் கூத்தில் கட்டியங்காரன் கதையை நிறுத்திவிட்டு, இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் அர்ச்சுனன் வேஷத்துக்கு அம்பது ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் சொல்லி, அந்த நோட்டை வேஷக்காரர் சட்டையில் குத்தியதை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார்! அதை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை. ஆட்டம் பிடித்திருந்தது, கொடுத்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் செய்யப்போவதும் அதே வேலை, கூத்து மேடைக்குப் பதில் போன் என்பதைத் தவிர. வானொலியிலும் இது பழைய சங்கதி. 1949-ல் அமெரிக்காவில் பெர்க்லியில் லூயிஸ் ஹில் என்பவர் தொடங்கிய கேபிஎஃப்ஏ என்ற நிலையம், விளம்பரமே வேண்டாம், கேட்கிறவர்கள் சந்தா கொடுத்தால் போதும் என்று ஆரம்பித்தது, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்காஸ்டை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான ஆடம் கரி, ஜான் சி. டுவோராக்கோடு சேர்ந்து 2007-லிருந்து ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார், அதில் ஒரு விளம்பரம் கிடையாது, கேட்பவர்கள் அனுப்பும் பணம் மட்டுமே. 2014-ல் ரேடியோடோப்பியா என்ற பாட்காஸ்ட் கூட்டமைப்பு கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய வசூல் தளத்தில் கேட்டபோது ஆறு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, கொடுத்தவர்கள் இருபதாயிரம் பேருக்கு மேல்.

ஆனால் அந்த எண்களைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம். உங்கள் எண்களைப் போடுவோம். 1,200 டவுன்லோடு என்றால் 1,200 மனிதர்கள் இல்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் பின்பற்றும் அளவுகோலின்படி ஒரு நிமிட அளவுக்கான ஒலி இறங்கினாலே அது ஒரு டவுன்லோடு. சில செயலிகள் புது எபிசோடைத் தானாகவே இறக்கி வைத்துக்கொள்ளும், போன்காரர் அதைத் தொடாமலே அழித்தும் விடுவார். ஆகவே உண்மையில் முழுதாகக் கேட்பவர்கள் எழுநூறு, எண்ணூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கணக்குப் பார்க்கும் சின்னச் சின்ன யூடியூப், பாட்காஸ்ட்காரர்களிடம் கண்டவரை நூறு பேர் கேட்டால் காசு கொடுப்பது ஒருவர், மிஞ்சிப் போனால் மூன்று பேர். அப்படியானால் உங்களுக்கு எட்டுப் பேரிலிருந்து இருபத்து நாலு பேர். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் எண்ணூறிலிருந்து இரண்டாயிரத்து நானூறு வரை. இதுதான் உங்கள் முதல் வருடத்துக் கனவின் உயரம். வேலையை விட்டுவிடலாமா என்று கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், விடாதீர்கள். இந்தப் பணம் வண்டிக்குப் பெட்ரோல் போடும், பாட்டிக்கு ஒரு புடவை வாங்கித் தரும், எடிட் செய்யும் பையனுக்குக் கையில் ஏதோ கொடுக்கும். அது சின்ன விஷயமும் இல்லை, இப்போது அதெல்லாம் உங்கள் சம்பளத்திலிருந்துதானே போகிறது.

சரி, மூன்று பேர் மட்டும் ஏன் கொடுத்தார்கள்? உங்கள் க்யூஆர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அட்டைப் படத்தின் மூலையில். போனில் அந்த அட்டைப் படமே தீப்பெட்டி அளவு, அதன் மூலையில் இருக்கும் க்யூஆர் சுண்டுவிரல் நகம் அளவு. அதிலும் கேட்கிறவர் கையில் இருப்பது ஒரே போன். அந்தப் போன் திரையில் இருக்கும் க்யூஆரை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வார்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜிபேயைத் திறந்து, கேலரியிலிருந்து ஏற்றி... பெங்களூர் பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்கும் பையன் இத்தனையும் செய்வானா? அந்த மூன்று பேரும் செய்தார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம், அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லுங்கள்.

உங்கள் ஆட்கள் இருப்பது காதுப் பக்கம். காசையும் காதில்தான் கேட்க வேண்டும், உங்கள் குரலில், எபிசோடுக்கு உள்ளேயே. கடைசியில் வைக்காதீர்கள், அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார்கள். தொடக்கத்திலும் வேண்டாம், இன்னும் எதுவும் கொடுக்காமலே கேட்ட மாதிரி இருக்கும். ஒரு பாட்டி பாடி முடித்த கையோடு, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும்போது, அரை நிமிடம் போதும். இப்படி ஏதாவது: "இந்தப் பாட்டை எடுக்கத் தளி பக்கம் ரெண்டு தடவை போனேன். பெட்ரோலுக்கும் எடிட்டிங்குக்கும் சேர்த்து ஒரு எபிசோடுக்கு ஆயிரத்து ஐநூறு ஆகுது. விளம்பரம் வாங்கறது இல்ல. உங்களுக்குப் பிடிச்சிருந்தா மாசம் நூறு ரூபா அனுப்புங்க, யூபிஐ ஐடி இதுதான். முடியாதவங்க கவலையே படாதீங்க, வழக்கம்போலக் கேளுங்க, ஊர்க்காரங்க இன்னொருத்தருக்கு அனுப்பி வைங்க." அவ்வளவுதான். கெஞ்சலும் வேண்டாம், "நீங்கள் உதவாவிட்டால் நிகழ்ச்சி நின்றுவிடும்" என்ற மிரட்டலும் வேண்டாம், எனக்கு அந்த இரண்டாவது ரகம் சுத்தமாகப் பிடிக்காது, மூன்றாவது தடவை சொல்லும்போது யாரும் நம்பவும் மாட்டார்கள். கொடுக்காதவர்களைக் குத்திக் காட்டுவது அதைவிட மோசம். நூற்றில் தொண்ணூற்றேழு பேர் கொடுக்கவே போவதில்லை, அது அவர்கள் குற்றம் இல்லை. அவர்கள் மூலமாகத்தான் அந்த மூன்று பேர் வந்து சேருவார்கள்.

கூத்துக் கலைஞருக்கு 38,000 வந்ததே, நிகழ்ச்சிக்கு ஏன் வரவில்லை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வருத்தம் தெரிகிறது. அந்தக் கோரிக்கையில் ஒரு பெயர் இருந்தது, ஒரு குரல் இருந்தது, எதற்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்பது இருந்தது. "நிகழ்ச்சியை ஆதரியுங்கள்" என்பதில் இதில் ஒன்றும் இல்லை. ஆகவே மாதாமாதம் கேட்பதோடு வருடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை, பெரிதாகக் கேளுங்கள். "அஞ்செட்டி, தளி பக்கத்து ஊர்களில் ஆறு எபிசோடு எடுக்கப் போகிறோம், 9,000 வேண்டும், பத்து நாள்தான் கேட்போம்" என்று. அடுத்தடுத்த எபிசோடில் எவ்வளவு வந்தது, எவ்வளவு மீதி என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் மேக்ஸிமம் ஃபன் என்றொரு பாட்காஸ்ட் நிறுவனம் (2023-லிருந்து அங்கே வேலை செய்பவர்களே அதன் உரிமையாளர்கள்) வருடா வருடம் இப்படி ஒரு வசூல் பருவம் வைத்து, மற்ற நேரத்தில் அதிகம் தொல்லை கொடுப்பதில்லை. நம் ஊரில் மாங்காய்ப் பணம் புழங்கும் நேரமோ, பெங்களூர்க்காரர்களுக்குத் தீபாவளி போனஸ் வரும் நேரமோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் என் தேர்வு. மாங்காய்ப் பணம் வந்த வேகத்தில் கடனுக்குப் போய்விடும், அதை என் மேஜையில் வருடா வருடம் பார்க்கிறேன்.

இப்போது பணம் வரும் வழி. உங்கள் நேயர்களுக்கு யூபிஐயை விட்டால் வேறு எதுவும் சரிப்படாது. அதிலும் உங்கள் இப்போதைய ஐடி போன் நம்பராகவே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பத்து இலக்க எண்ணைக் காதால் கேட்டு யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அது ஒன்று. இன்னொன்று, நம்பர் வெளியே போனால் ராத்திரி பதினோரு மணிக்கு "வணக்கம் மேடம், சாப்பிட்டீங்களா" என்று வாட்ஸாப் வரத் தொடங்கும், பெண்கள் நடத்தும் நிகழ்ச்சி என்றால் சொல்லவே வேண்டாம். செயலியிலேயே நம்பர் இல்லாத, நிகழ்ச்சிப் பெயரை ஒட்டிய சின்ன ஐடி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் சொல்ல வருகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆளாளுக்கு அவர்கள் செயலியில் பணம் கேட்கும் கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்பி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தனிநபர்களுக்கிடையே அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். மோசடிக்காரர்கள் அதை அந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஐடியை வீட்டுக் கணக்கோடு இணைக்காதீர்கள். தயவுசெய்து. இதற்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு திறங்கள். கணக்கு எழுத வசதி என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. யாரோ ஒரு சைபர் மோசடிக்காரன் எங்கோ அடித்த பணம் நாலு கை மாறி, அதில் இருநூறு ரூபாய் உங்கள் ஐடிக்கு வந்துவிட்டால், புகார் பதிவான மாநிலத்துப் போலீஸ் சொன்னதாக உங்கள் வங்கி அந்தத் தொகையையோ, சில நேரம் கணக்கையே கூடவோ முடக்கிவிடும். நீங்கள் குற்றம் செய்யவில்லை என்பது அப்புறம் நிரூபிக்கிற விஷயம், அதுவரை பால்காரருக்குக் கொடுக்கவும் பணம் எடுக்க முடியாது. பொதுவில் ஐடியைச் சொல்லி யாரிடமும் வாங்குகிற எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. தனிக் கணக்கு இருந்தால் முடங்குவது நிகழ்ச்சிப் பணம் மட்டும். தெரியாத ஆளிடமிருந்து திடீரென்று பெரிய தொகை வந்து, "தவறி அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்க" என்று அழைப்பு வந்தால் போடாதீர்கள். வங்கியிடம் சொல்லி, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள்.

ஒரு தடவை கொடுப்பவர்களை விட மாதாமாதம் கொடுக்கும் பத்துப் பேர்தான் முதுகெலும்பு, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அஞ்செட்டிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். அதற்கு யூபிஐ ஆட்டோபே இருக்கிறது. நேயர் ஒரு முறை பின் போட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டால் போதும், மாதாமாதம் தானாகப் போகும். பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அவருக்குத் தகவல் வந்துவிடும், வேண்டாம் என்றால் அவரே தன் செயலியில் நிறுத்திக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் கேட்காது, உங்கள் நூறு ரூபாய்க்கு அந்தக் கவலையே இல்லை. இதைச் செய்ய ரேசர்பே போன்ற பேமெண்ட் கேட்வே (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம்) ஒன்றில் பதிய வேண்டும், பான், ஆதார், வங்கி விவரம் கேட்பார்கள். பொதுவாக இரண்டு சதவீதம் வாக்கில் கட்டணம், கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் 36 காசு போய் 97.64 உங்களுக்கு வரும், போகட்டும். அவர்கள் கொடுக்கும் பணம் செலுத்தும் பக்கத்தின் இணைப்பை எபிசோடு விவரத்தில் முதல் வரியாகப் போடுங்கள், ஏழாவது வரியில் போட்டால் "மேலும்" என்பதைத் தட்டினால்தான் தெரியும். செயலிகள் உங்கள் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் பாட்காஸ்ட் ஃபீடிலேயே நன்கொடை இணைப்பைக் குறிக்க ஒரு டேக் இருக்கிறது, சில செயலிகள் அதைப் பட்டனாகவே காட்டும். எபிசோடுகளை ஏற்றி வைக்கும் உங்கள் ஹோஸ்டிங் தளத்தில் அந்த வசதி இருந்தால் நிரப்பி வையுங்கள், காசா பணமா.

நேயர்களிடம் மாதாமாதம் வசூலித்துத் தரும் பேட்ரியான் தளத்தை எல்லோரும் சொல்கிறார்களே என்பீர்கள். 2013-லிருந்து இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான், ஆனால் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது, அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம், ஐபோன் செயலி வழியாகச் சேர்ந்தால் ஆப்பிள் முப்பது சதவீதம் வேறு. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர் கார்டு வைத்து டாலரில் மாதாமாதம் கட்டுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. பேபால் இந்தியாவுக்குள்ளேயான பணப் பரிமாற்றத்தை 2021 ஏப்ரல் 1-லிருந்து நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வாங்க மட்டும்தான் உதவும். யூடியூபிலும் நீங்கள் போடுவதாக இருந்தால் 500 சப்ஸ்கிரைபரும் அவர்கள் கேட்கும் பார்வை நேரமும் எட்டியபின் பார்ப்பவர்கள் காசு கொடுக்கும் சூப்பர் தேங்க்ஸ், மெம்பர்ஷிப் வசதியெல்லாம் கிடைக்கும், அதில் யூடியூப் பங்கு முப்பது சதவீதம். பாட்காஸ்டுக்கு பிட்காயின் சில்லறையாக அனுப்பும் முறையும் ஒன்று வந்திருக்கிறது. நம் நாட்டில் கிரிப்டோ ஆதாயத்துக்கு முப்பது சதவீத வரி, விற்கும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வரி. உங்களுக்கு அந்த வம்பே வேண்டாம்.

வெளிநாட்டுப் பணம்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது, இதில் பலர் தெரியாமல் மாட்டுகிறார்கள். துபாயில் இருக்கும் நம் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் பெரியப்பா மகன் பிறந்தது பென்னாகரமாகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சட்டப்படி அவர் வெளிநாட்டவர். கலாச்சாரம், கல்வி, சமூகப் பணி என்று சொல்லி வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்க உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். செய்தி, நடப்பு நிகழ்வுகள் பற்றி ஒலி நிகழ்ச்சி தயாரிக்கிற அமைப்புகளுக்கும் அவற்றின் ஆசிரியர், உரிமையாளர்களுக்கும் அனுமதி என்ற பேச்சே இல்லை, 2010 சட்டத்தின் மூன்றாவது பிரிவு ஒரேயடியாகத் தடுக்கிறது. உங்களுடையது கூத்தும் பாட்டும்தான், ஆனாலும் நாளைக்கு ஒரு எபிசோடில் சிப்காட் நிலம் எடுப்பது பற்றி நாலு பேரிடம் மைக்கை நீட்டினால் அது என்ன கணக்கில் வரும் என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டி வரும். பொருளுக்கோ சேவைக்கோ வழக்கமான வியாபாரத்தில் வரும் கட்டணம் இந்தச் சட்டத்தில் வராது என்பதால், சிலர் நன்கொடை என்று வாங்காமல், கூடுதல் எபிசோடு கொடுத்து உறுப்பினர் கட்டணம் என்று வாங்குகிறார்கள். அதை ரசீது, கணக்கோடு உண்மையாகச் செய்ய வேண்டும், பெயரை மட்டும் மாற்றினால் போதாது. என் யோசனை, முதல் வருடம் மைக்கில் "இந்தியக் குடிமக்களிடம் மட்டும் வாங்குகிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர்கள் கேட்கட்டும், நாலு பேருக்கு அனுப்பட்டும், போதும்.

வரி. "நாலு பேர் அன்பாகக் கொடுப்பது கிஃப்ட், வருடம் 50,000 வரை வரி இல்லை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், எல்லோருக்கும் ஒரு அப்படிப்பட்ட நண்பர் இருப்பார். உறவினர் அல்லாதவர்கள் கொடுக்கும் அன்பளிப்பு வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம் என்பது சட்டம், அது உண்மைதான். ஆனால் நீங்கள் மாதாமாதம் ஒரு வேலையைச் செய்து, அதைக் காட்டிக் கேட்டு வாங்குகிறீர்கள். அது கல்யாண மொய் இல்லை, உங்கள் உழைப்புக்கு வந்த வரவு. வரவாகவே காட்டுங்கள். காட்டினால்தான் பெட்ரோல், மைக், எடிட்டிங், பாட்டிக்குக் கொடுத்த வெற்றிலைப்பாக்குப் பணம் வரை செலவாகக் கழிக்கவும் முடியும். மிச்சம் என்ன இருக்கப் போகிறது? 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் சம்பளத்தோடு சேர்த்து மொத்த வருமானம் 12 லட்சம் வரை இப்படிப்பட்டவர்களுக்கு ரிபேட் என்கிற வரித் தள்ளுபடி போக வரி ஒன்றும் வராது. ஆகவே பயந்து மறைக்க இதில் எதுவுமே இல்லை. வருமான வரிக் கணக்குக்கு இதுவரை ஐடிஆர்-1 படிவம் போட்டிருப்பீர்கள், இந்த வரவு வந்தபின் அது செல்லாது, 3 அல்லது 4, எது என்று பாலக்கோட்டிலேயே உங்கள் ஆடிட்டர் சொல்வார். ஜிஎஸ்டி பற்றி வருடத்துக்கு இருபது லட்சம் வரும்போது பேசலாம். நன்கொடைக்கு வரிச் சலுகை பெற 80ஜி ரசீது கேட்கும் நேயர் ஒருவராவது வருவார். பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்குத்தான் அது, உங்களால் கொடுக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதற்காக அவசரப்பட்டு டிரஸ்ட் ஆரம்பிக்க வேண்டாம், வருடா வருடம் அதற்கு ஆகும் செலவு உங்கள் வசூலை விட அதிகமாகிவிடும்.

அந்த 38,000 உங்கள் வருமானம் இல்லை, ஆனால் அதைச் சொல்லக் காகிதம் வேண்டும். வந்த பட்டியலை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து, கலைஞர் வீட்டில் பெற்றுக்கொண்டதாக ஒரு எழுத்து வாங்கி, அந்த எபிசோடின் தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இப்போதே போய் வாங்குங்கள், இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் சங்கடம். இனி இப்படி ஒரு தேவை வந்தால் அவருடைய சொந்தக் கணக்கு ஐடியையே மைக்கில் சொல்லுங்கள். உங்கள் கை அதில் படவே வேண்டாம். நிகழ்ச்சிக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே கணக்கில் வாங்கினால், நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் டீக்கடையில் ஒருவர் வாயைத் திறப்பார்.

டீக்கடை என்றதும் நினைவு வருகிறது, பெயர் வாசிப்பது. நன்றி சொல்லிப் பெயர் வாசியுங்கள், அதற்கு ஆசைப்பட்டே கொடுப்பவர்கள் உண்டு, தப்பில்லை. தொகையை வாசிக்காதீர்கள். ஆடம் கரி நிகழ்ச்சியில் தொகையையும் சொல்வார்கள், சேர்த்து ஆயிரம் டாலர் கொடுத்தவருக்கு விளையாட்டாக வீரப் பட்டமே கொடுப்பார்கள், அங்கே அது ஓடுகிறது. நம் பக்கம் தொகையைச் சொன்னால் இருபது ரூபாய் கொடுக்க நினைத்தவர் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார், பங்காளி 500 கொடுத்தான் என்று ஒருவர் 501 அனுப்புவார், அப்புறம் எந்தத் தெருப் பெயர் முதலில் வந்தது என்று ஆரம்பிக்கும். கூத்து மேடையிலேயே அன்பளிப்பு அறிவிப்பு நீண்டு நீண்டு திரௌபதி அரைமணி நேரம் நின்ற கதையெல்லாம் உண்டு. பத்துப் பெயருக்கு மேல் ஒரு எபிசோடில் வேண்டாம், மீதியை அடுத்ததில் வைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம் என்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் வீட்டுக்குத் தெரியாமல் அனுப்புவார்கள்.

பரிசுப் பொருள் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டம்ளர், டி-ஷர்ட் என்றால் காசெல்லாம் கூரியருக்கே போய்விடும். எபிசோடுகளைப் பூட்டி வைத்துக் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் என்பதும் உங்கள் நிகழ்ச்சிக்கு எனக்கு உடன்பாடில்லை. பாடிய பாட்டியே தன் பாட்டைக் கேட்கக் காசு கட்ட வேண்டியதாகிவிடும். வேண்டுமானால் கொடுத்தவர்களுக்கு இரண்டு நாள் முன்னதாக அனுப்புங்கள், வெட்டி எடுத்த நீளப் பதிவைக் கேட்கக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று மைக்கில் ஒரு நிமிடம் சொல்லுங்கள், பெட்ரோல், எடிட்டிங், கலைஞர்களுக்குக் கொடுத்தது என்று மூன்று வரி. அதைக் கேட்டபின் புதிதாக நாலு பேர் சேருவார்கள், பாருங்கள்.

பெரிய தொகை வரும்போதுதான் கவனம். கல் குவாரிக்காரரோ கட்சிக்காரரோ ஒருவர் இருபத்தைந்தாயிரம் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து, "நம்ம தாத்தாவும் பெரிய கூத்துக்காரர்தான்மா, ஒரு எபிசோடு பண்ணுங்க" என்பார். ஒருவரிடம் வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் வாங்குவதில்லை என்று இப்போதே ஒரு வரம்பு வைத்து, அதையும் மைக்கில் சொல்லிவிடுங்கள், ஐயாயிரம் என்று வைத்தால் உங்கள் அளவுக்குச் சரியாக இருக்கும். மேலே வந்ததைத் திருப்பி அனுப்பும்போது சட்டத்தைக் காட்டுவதைவிட "எல்லாருக்கும் இதுதாங்க விதி" என்று சொல்வது எளிது.

நகைக்கடைக்காரர் விஷயம். அவர் கேட்பது நன்கொடையும் இல்லை, விளம்பரமும் இல்லை. பணம் வாங்கியதை மறைத்துச் சொல்லச் சொல்கிறார், விளம்பரத் தரக் கட்டுப்பாட்டுக் கவுன்சில் 2021-லேயே இதற்கு வழிமுறை போட்டுவிட்டது, பணம் வாங்கிச் சொல்வதை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், 'இந்த எபிசோடை வழங்குவது' என்று கடை பெயரை முதலில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை சொல்கிறேன், பாட்டுக்கு நடுவில் எதுவும் வராது, ஐயாயிரம்." ஒத்துக்கொண்டால் கடை பெயரில் ஒரு பில் எழுதிக் கொடுத்து, பணத்தை அந்தத் தனிக் கணக்கிலேயே வாங்குங்கள், நன்கொடைப் பட்டியலில் சேர்க்காமல் விளம்பரம் என்று வேறு தாளில் எழுதுங்கள், மைக்கில் "விளம்பரம் வாங்கறது இல்ல" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த எபிசோடிலேயே, விளம்பரம் வாங்குவதில்லை என்று சொல்லி உங்கள் ஐடியைச் சொல்ல ஆரம்பித்துவிடலாம்.